இடப்பக்க எஞ்சின்

மே இருபத்தெட்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு, பெரியதாழைக் கடற்கரையில், பாதி இழுத்த படகோடு விஜிலாவின் ஜீப் நின்றுபோனது.

வழக்கம்போல் இருமிவிட்டு நின்றதல்ல இது. உள்ளே எதுவோ உடைந்து எண்ணெய் மணலில் கொட்டியது. ஆட்கள் தோள் கொடுத்துப் படகை ஏற்றினார்கள். பிறகு ஜீப்பையும் தள்ளி ஏற்றினார்கள்.

"போட்டை இழுக்க ஜீப்பு. ஜீப்பை இழுக்க யாருளா?" என்றாள் மீன் ஏலம் விடும் ஞானசௌந்தரி. எல்லோரும் சிரித்தார்கள். விஜிலாவும் சிரித்து வைத்தாள்.

ராணுவ ஏலத்தில் அவள் மாமனார் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப் அது. நான்கு சக்கரமும் இழுக்கும். மாமனாருக்குப் பிறகு புருசன் ஜாய்சன் ஓட்டினான். அவன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து அவள் ஓட்டுகிறாள். கடலிலிருந்து வரும் ஃபைபர் படகுகளைக் கயிறு கட்டி மணல்மேட்டுக்கு இழுப்பது வேலை. கூலி மீன். படகுக்காரர் இரண்டு கையாலும் அள்ளிப் போடுவார். கை சிறியதா பெரியதா என்று இழுத்தவர் பார்க்கக் கூடாது.

மற்ற மாதங்களில் வண்டி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் முடியாது. அலை கரையிலேயே உடையும். விளிம்பில் விட்ட படகு சாயங்காலத்துக்குள் பலகையாகிவிடும்.

அன்றைக்குச் சாயங்காலம் இஞ்ஞாசி வந்தார். ஊர்க்கமிட்டியில் கரை வேலைகளைப் பார்ப்பவர் அவர்தான். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாமா."

"உக்கார வரலளா. மணப்பாட்டுல ஒரு டிராக்டர்காரன் இருக்கான். கேட்டு வச்சிருக்கேன்."

"அதுக்குள்ளயா?"

"கச்சான் என்ட்ட சொல்லிட்டா வரும்? ஜூன் பதிமூணு, அந்தோணியார் திருநாள் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உன் வண்டி கரையில நிக்கணும். இல்லன்னா டிராக்டரு வரும். வந்தா வந்ததுதான். ஒரு கரைக்கு ரெண்டு வண்டி கெடையாது. உனக்கே தெரியும்."

தெரியும். மாமனார் இப்படித்தான் இன்னொருவருடைய வண்டியை அனுப்பிவிட்டு இந்தக் கரையைப் பிடித்தார்.

அண்ணன் ரோச்சுக்குப் போன் போட்டாள். ரோச் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் லாஞ்சு ஓட்டுகிறவன். வெளியே நங்கூரம் போட்ட கப்பல்களுக்கு ஆள் கொண்டுபோய் விடும் லாஞ்சு. இரட்டை எஞ்சின். அதை இப்போது உடைக்கக் கொடுத்திருந்தார்கள்.

"பெட்ரோலை விட்டுத் தொலைளா" என்றான் ரோச். "டீசலைப் போடு. லாஞ்சு எஞ்சின் ஜீப்புக்கு அளவா இருக்கும். தெனமும் நான் காதுல கேட்ட சத்தம். எது நல்லது, எது நோஞ்சான்னு எனக்குத் தெரியாதா?"

உடைக்கும் இடத்தில் இரண்டு எஞ்சினும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ரோச் ஒன்றின் மேல் கை வைத்தான்.

"வலப்பக்கத்தது சிலிண்டர் தலை வெடிச்சு ஒட்டினது. இது இடப்பக்கத்தது. போன வருசந்தான் பிரிச்சுச் செஞ்சோம். கண்ணை மூடிக்கிட்டு எடு."

எடுத்தார்கள். வலப்பக்கத்து எஞ்சினை உடைப்புக்காரர் அன்றைக்கே துண்டாக்கி இரும்பு லாரியில் ஏற்றிவிட்டார்.

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டின் மேல் செந்தில்முருகனின் பட்டறை இருந்தது. பழைய ஜீப்புகளுக்கு டீசல் எஞ்சின் மாற்றுவதில் அவனுக்குப் பேர் உண்டு. லாஞ்சு எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்தான்.

"கடல்ல ஓடினதை நான் போட்டதில்லை அண்ணாச்சி."

"எஞ்சின் எஞ்சின்தாம்லே. தண்ணியில ஓடினா என்ன, தரையில ஓடினா என்ன?"

"இதுக்கு ரேடியேட்டர் எங்க?"

"கடலே ரேடியேட்டருதாம்லே. உள்ள உறிஞ்சி வெளிய துப்பும்."

"பெரியதாழை வரைக்கும் கடலைக் கூட்டிட்டா போவீய? நான் ஒண்ணு மாட்டுதேன்."

வேலை நடந்தது. எஞ்சினையும் கியர்பெட்டியையும் சேர்க்க லேத்தில் கனத்த தகடு ஒன்று கடைந்தார்கள். அடியில் எண்ணெய்த் தொட்டி முன் ஆக்சிலில் இடித்தது. அதை அறுத்து ஒட்டினார்கள். எஞ்சினைத் தாங்கும் கால்களைச் சேஸியிலிருந்து வெட்டி ஒரு சாண் முன்னால் வைத்தார்கள். விஜிலா மகளைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு தினமும் பஸ்ஸில் வந்தாள். போல்ட் கழுவினாள். பெயிண்ட் சுரண்டினாள். கப்பலிலிருந்து வீடியோவில் கூப்பிட்ட ஜாய்சன் ரோச்சிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, "மச்சான் பாத்து எடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டான்.

திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. காற்று எழும்பிவிட்டது. பட்டறைக் கூரைத் தகரம் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

விஜிலா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். உடனே பிடித்தது. புகை வெள்ளையாக வந்து தெளிந்தது. ரோச் கண்ணை மூடிக் கேட்டான்.

"சேசுவே. என்ன சுத்தமாப் பாடுது பாத்தியா? போளா."

முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டாள். ஜீப் பின்னால் போனது. பின்னால் நின்ற ரோச் டயர் அடுக்கின் மேல் மல்லாந்தான்.

"ஏளா, முன்னால போளா!"

"முன்னாலதான் போட்டிருக்கேன்!"

"கியர் மாறி விழுந்திருக்கும்" என்று செந்தில்முருகன் அவளை இறக்கிவிட்டுத் தான் ஏறினான். இரண்டாவது போட்டான். ஜீப் இன்னும் வேகமாகப் பின்னால் போய் வேலியில் முட்டியது. மூன்றாவது போட்டுப் பார்க்க இடமில்லை. ரிவர்ஸ் போட்டான். ஜீப் மெதுவாக, மரியாதையாக, முன்னால் வந்து பழைய இடத்தில் நின்றது.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். முன்னால் போய் ஃபேன் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, லாஞ்சுல ரெண்டு எஞ்சினும் ஒரே பக்கமாத்தான சுத்தும்?"

"அதெப்படிலே சுத்தும்? ரெண்டும் ஒரே பக்கம் சுத்தினா லாஞ்சு ஒருக்களிச்சு இழுக்கும்லா. வலது இப்படிச் சுத்தும். இடது எதுத்து..."

ரோச் நிறுத்திக்கொண்டான். டயரிலிருந்து எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டு வருடம் அதை ஓட்டியவன் அவன். இடது எதிராகச் சுற்றும் என்பது அவனுக்குத் தன் இடது கையைப் போலத் தெரியும். கடலில் அது ஒரு விஷயமே இல்லை. அதற்கேற்ற புரொப்பெல்லர் இலையை மாட்டினால் தண்ணீரை அது தள்ளும்.

"நேத்து ஓட்டிப் பாத்தப்ப ஃபேன் காத்து வெளிய அடிச்சதுமே எனக்கு உறைச்சிருக்கணும்" என்றான் செந்தில்முருகன். "வேற வண்டி ஃபேனுன்னு நெனச்சு மாத்திப் போட்டேன்."

"அப்ப இப்ப இதுல?" என்றாள் விஜிலா.

"பின்னால போக நாலு கியரு. முன்னால போக ஒண்ணு."

"சரி பண்ண முடியாதா தம்பி?"

"முன்னாலயும் பின்னாலயும் ஆக்சிலுக்குள்ள இருக்க கிரவுன் பல்சக்கரத்தைத் தலைகீழாத் திருப்பிப் போட்டா நேராப் போவும். ஆனா அப்படிப் போட்டா பல்லுக்கு ஆயில் ஏறாது. அதுக்கு வேற வழி செய்யணும். பத்து நாளாவது ஆகும்."

ரோச் தலையைத் தொங்கப்போட்டு, "வலப்பக்கத்ததை எடுத்திருக்கலாம்" என்றான்.

"அதான் தலை வெடிச்சதுன்னு சொன்னியளே" என்றான் செந்தில்முருகன்.

"வெடிச்சாலும் முன்னால போயிருக்கும்லா."

விஜிலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அப்போது போன் அடித்தது. இஞ்ஞாசி.

"விஜிலா, இங்கன காத்தைப் பாத்தியா? ரெண்டு போட்டு புரண்டுட்டு. திருநாள் வரைக்கும் என்னால பாக்க முடியாது. டிராக்டர்காரன் நாளைக்குக் காலையில வாரான். உனக்குச் சொல்லணும்லா, அதான் சொல்லுதேன்."

"நானும் நாளைக்குக் காலையில வாரேன் மாமா."

வைத்துவிட்டாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"எதுல வாரளா?" என்றான் ரோச்.

விஜிலா ஜீப்பின் முன்னால் போய் பம்பரை ஆட்டிப் பார்த்தாள். கரையில் அவள் இரண்டாவது கியர் போட்டதே இல்லை. முதல் கியரில் இழுப்பாள். ரிவர்ஸில் அடுத்த படகுக்கு இறங்குவாள். அவ்வளவுதான் அங்கே வேலை. இதில் இழுப்பது பின்னால், இறங்குவது முன்னால்.

"தம்பி, முன் பம்பர்ல ஒரு கொக்கி ஒட்டு" என்றாள். "கனமா ஒட்டு. சேஸி வரைக்கும் பிடிக்கணும்."

செந்தில்முருகனுக்கு உடனே புரிந்தது. ரோச்சுக்கு வெல்டிங் பொறி பறந்த பிறகுதான் புரிந்தது.

ரோட்டில் அதை ஓட்டிப் போக முடியாது. காலையில் உப்பு ஏற்றப் போகும் காலி லாரி ஒன்றைப் பிடித்துப் பெரியதாழை வரை வரச் சொல்லி ஜீப்பை ஏற்றினார்கள். செந்தில்முருகனும் கூட வந்தான். மூவரும் டிரைவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்கள். திருச்செந்தூர் தாண்டியதும் அவன் சொன்னான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கியர் பல்லுல ஒரு பக்கம் இத்தனை வருசம் இழுத்துத் தேஞ்சுபோச்சு. இப்ப மறுபக்கம் இழுக்கும். அந்தப் பக்கம் புதுசு மாதிரி இருக்கு. அது நல்லது. ஆனா உள்ள பேரிங்கெல்லாம் அந்தப் பக்கத் தள்ளலுக்கு வச்சதில்லை."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"தெரியலக்கா. ஒரு வருசமும் ஓடலாம். பாதி இழுப்புல ஒரு நாள் கழண்டும் போவலாம். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டேன்."

"கழண்டா போட்டு என்ன ஆவும்?"

சரிவில் பாதியில் விட்ட படகு என்ன ஆகும் என்பது கேட்டவளுக்கே தெரியும்.

கரையில் டிராக்டர் ஏற்கனவே நின்றது. சிவப்பு. புதுசு. டிராக்டர்காரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பறக்கும் மணலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். விஜிலா வருவதாகச் சொல்லியிருந்ததால் இஞ்ஞாசி அவனை இன்னும் வேலையில் இறக்கவில்லை. அலை இடுப்பளவு எழும்பி விளிம்பில் உடைந்தது. நான்கு படகுகள் வெளியே வரிசைக்குக் காத்துக்கிடந்தன.

விஜிலா லாரியிலிருந்து ஜீப்பை இறக்கி, ரிவர்ஸ் கியரில் ஊர்ந்து ஊர்ந்து மணலுக்கு வந்து, முகத்தைக் கடலுக்குக் காட்டி நிறுத்தினாள்.

"ஏளா, வண்டி மீன்பிடிக்கப் போவுதா?" என்றாள் ஞானசௌந்தரி.

"கயிறைக் குடுங்க" என்றாள் விஜிலா.

முதல் படகு அலையின் மேல் ஏறி வந்து மணலில் தட்டியது. கயிறை முன் கொக்கியில் மாட்டினார்கள். சிரிப்பு நின்றபாடில்லை. அவள் முதல் கியரைப் போட்டாள். டீசல் எஞ்சினின் கனத்தில் முன்சக்கரம் அரைச் சாண் புதைந்தது. பிறகு பிடித்தது. ஜீப் பின்னால் ஏற, படகு அவளைப் பார்த்துக்கொண்டு ஏறியது.

இதுவரை அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் இழுத்திருக்கிறாள். பக்கத்தில் ஒருவன் நின்று இழு, நிறுத்து என்று கத்துவான். இப்போது எல்லாம் எதிரே இருந்தது. படகின் மூக்கு. இருபக்கமும் தோள் கொடுத்தவர்கள். அடியில் உருளைக்கட்டையை எடுத்து எடுத்து மாற்றிப் போடும் கைகள். ஒரு கட்டை நழுவியது. யாரும் கத்துமுன் அவள் நிறுத்தினாள். கையை உருவிக்கொண்டவன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மறுபடி இழுத்தாள்.

இரண்டாவது படகுக்கு யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது படகு ஏறும்போது கியர்பெட்டியில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. பல்லைக் கடித்தாற்போல ஒன்று. செந்தில்முருகன் மணலில் நின்றபடியே குனிந்து கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. நான்காவது படகில் அந்தச் சத்தம் வரவில்லை. அல்லது காற்றில் கேட்கவில்லை.

நான்கும் மேலே ஏறிவிட்டன. படகுக்காரர்கள் கூடையைக் கொண்டுவந்து ஜீப்பின் பின்பக்கம் வைத்து அள்ளிப் போட்டார்கள். சாளை, காரல், ஒரு சின்னச் சீலா. ரோச் அங்கே போய் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல மீனைப் பார்த்தான்.

டிராக்டர்காரன் எழுந்து வந்தான்.

"நான் நிக்கவா, போவவா? மணப்பாட்டுல எனக்கும் கரை இருக்கு. இன்னைக்கு விட்டா சீசன் முழுக்க வர முடியாது."

இஞ்ஞாசி ஜீப்பைச் சுற்றி வந்தார். கொக்கியை ஆட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். அவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது அவருக்கும் தெரியும். நிமிர்ந்து டிரைவர் பக்கம் வந்து கதவில்லாத இடத்தில் கை வைத்தார். படகுக்காரர்கள் பின்னால் வந்து நின்றார்கள். கை உருவிக்கொண்டவனும் இருந்தான்.

"மெக்கானிக்கிட்ட கேக்க மாட்டேன்" என்றார். "அவன் ஊருக்குப் போயிருவான். நீதான் இங்கன கெடப்ப, இவங்க போட்டும் இங்கனதான் கெடக்கும். ஆடி முடியிற வரைக்கும் இது தாங்கும்னு உன் வாயால சொல்லு, டிராக்டரை இப்பமே அனுப்பிருதேன். தாங்குமாளா?"