இருபத்துநான்கால் வகுக்க மறந்தது

வியாழன். தவறு என்னுடையது. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா வெள்ளறடையில் ஆட்டோ ஓட்டுகிறார். மாலையில் வாசகசாலையின் பின்னறையில் சீட்டு விளையாடுவார். இருபத்தெட்டு என்ற ஆட்டம்: முப்பத்திரண்டு சீட்டு, நாலு பேர், முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. திங்களன்று அந்த நாலும் அப்பாவுக்கு ஜாக்கியாக வந்தன. இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு; அதைவிடப் பெரிய கை இல்லை.

"இது எத்தனையில ஒண்ணு மக்கா? எழுதித் தா, எல்லாவனுக்கும் காட்டணும்" என்றார்.

காரக்கோணத்தில் நான் படிக்கும் மாலை வகுப்பில் இப்போது நிகழ்தகவுப் பாடம்தான். 32 × 31 × 30 × 29. எட்டு லட்சத்து அறுபத்துமூவாயிரத்து நாற்பதில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்பா பெருமையாகக் காட்டிய தாளையே எதிர் ஆட்டக்காரன் மனு பிடித்துக்கொண்டான். "எட்டு லட்சத்துல ஒண்ணு இவருக்கு மட்டும் கிட்டுமா? மடியில ஒளிச்சு வச்சதாக்கும்." செயலாளர் யோசுவா, ஞாயிற்றுக்கிழமை ஓணச் சீட்டுப் போட்டிக்கான வாசகசாலை அணிப் பட்டியலில் அப்பாவின் பெயரை அடித்துவிட்டார். பதினோரு வருடம் அந்த அணியில் ஆடியவர். நேற்று ஆட்டோவைக்கூட வெளியே எடுக்கவில்லை.

இன்று என் கணக்கை மூன்றே சீட்டுக்குச் சிறிதாக்கிச் சோதித்தேன். சீட்டு வந்த வரிசையையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். நாலு சீட்டு இருபத்துநான்கு வரிசையில் வரலாம். எப்படி வந்தாலும் கை ஒன்றுதான். வகுத்தால் 35,960. நாலு பேரில் யாருக்காவது என்றால் 8,990 ஆட்டத்துக்கு ஒருமுறை. மூன்று தடவை சரிபார்த்துவிட்டு அப்பாவோடு வாசகசாலைக்குப் போனேன்.

"எலே சத்தியதாசே, மோளை வக்கீலாட்டு கூட்டிட்டு வந்திருக்கியா?" என்று யோசுவா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்று சீட்டை மேசையில் வைத்தேன். "இதுல ரெண்டு ரெண்டா எடுத்தா எத்தனை கை வரும் மாமா?"

எடுத்து வைத்துப் பார்த்தார். "மூணு."

"நான் போட்ட மாதிரி போட்டா ஆறு வரும். அதாக்கும் தப்பு. நீங்க ஒரு நாளைக்கு இருபது ஆட்டம், வருசத்துல முந்நூறு நாள் ஆடுறீங்க. ஒன்றரை வருசத்துக்கு ஒருக்கா இங்க யாருக்காவது இந்தக் கை வரணும்."

"அப்போ இவரு ஒளிக்கலேன்னு உறப்பா சொல்ல முடியுமா?" என்றான் மனு.

"அது கணக்குல தெரியாது. வரக்கூடிய கைன்னு மட்டும்தான் சொல்ல முடியும்."

யோசுவா பேனாவை எடுத்தார். "கணக்கைப் பாத்துதானே அடிச்சோம்" என்று பட்டியலில் அப்பாவின் பெயரை மறுபடி எழுதினார்.

அப்பாவின் ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு முன்னால் இறங்கியதும், "நீங்க ஒளிக்கலேன்னு எனக்குத் தெரியும் அப்பா" என்றேன்.

"இத அங்க வச்சு சொல்லியிருந்தா உன் நாக்கு தேஞ்சா போவும்?" என்றார்.