ஒன்றரை அடிப் பேஸ்மட்டம்

குமரவேல், சித்ரலேகா வீட்டு மாடியில் பாட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது. பாளையங்கோட்டையில் வேறெந்த வீட்டிலும் இப்படியொரு சட்டம் இருந்திருக்காது. அவன் வீடுகளுக்குக் கணக்குப் போட்டு வரைகிற இஞ்சினியர். அவள் ஓவியம் படித்தவள். கட்டி முடித்தால் வீடு எப்படி நிற்கும் என்று வண்ணத்தில் போட்டுக் காட்டுவாள். எதிரெதிரே இரண்டு வரைபலகை, நடுவில் ஒரு டேப் ரெக்கார்டர். கேசட்டின் முதல் பக்கம் அவனுக்கு. கோயில் கொடைத் திருவிழாக்களில் அவனே உட்கார்ந்து பதிவு செய்துகொண்டு வந்த நாதஸ்வரம். மறுபக்கம் அவளுக்கு, இலங்கை வானொலியில் பிடித்துவைத்த பழைய சினிமாப் பாட்டு. பக்கத்துக்கு அரைமணி நேரம். இடையில் சந்தேகம் வந்தால் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கம் முடிந்து பட்டன் எழும்பியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள், யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. பதினோரு வருஷக் குடித்தனம் இப்படித்தான் ஓடியது. இன்னும் பிள்ளை இல்லையே என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். உச்சுக் கொட்டட்டும், இவர்களுக்கு அதைக் காதில் வாங்க நேரம் இருந்தால்தானே!

தொண்ணூற்றிரண்டு ஐப்பசிக் கடைசியில் மூன்று நாளாக விடாமல் மழை. அன்று காலை பத்தரை மணி வாக்கில் வானொலியில் அறிவிப்பு சொன்னார்கள். பாபநாசம் அணை நிரம்பிக்கொண்டிருக்கிறது, ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும். சித்ரலேகாவின் கையில் இருந்த தூரிகை தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

அவள் நினைப்பெல்லாம் மேலநத்தம் பக்கம் ஆற்றங்கரையில் போன வருஷம் இவர்கள் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தது. வீட்டுக்காரர் சிவசண்முகம் அண்ணாச்சி, பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சொர்ணாம்பாள் மதினிக்கு மூட்டுவலி, நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குவாள். பிள்ளைகள் வடக்கே எங்கேயோ இருந்தார்கள். மாடி கிடையாது. மொட்டை மாடிக்குப் போக வெளிச்சுவரில் ஓர் இரும்பு ஏணி, அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்குக் குமரவேல் போட்ட கணக்கில் பேஸ்மட்டம், அதாவது வெள்ளம் உள்ளே ஏறாதபடி வீட்டைத் தூக்கி நிறுத்தும் அடிமேடை, தரையிலிருந்து நாலரை அடி. சித்ரலேகா அதைப் படமாகப் போட்டுப் பார்த்தாள். முக்காலி மேல் ஏற்றி வைத்த பெட்டி மாதிரி வீடு அந்தரத்தில் நின்றது. அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒன்றரை அடிக்கு இறக்கிப் போட்டாள். ஆகா! வயலும் ஆறும் வாசலுக்கே நடந்து வந்துவிட்டன. அந்தப் படத்தில் அவளே சொக்கிப் போனாள். சொக்கினதோடு விட்டிருக்கக் கூடாதா? அந்த மாதம் குமரவேல் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்கூட வேலையில் மூழ்கிக் கிடந்தான், இராத் தங்குவதற்கு மட்டும் வீட்டுக்கு வந்தான். அவனிடம், மதினிக்குப் படி ஏற முடியாது, அண்ணாச்சிதான் குறைக்கச் சொல்லிக் கேட்டார் என்றாள். அண்ணாச்சியிடம், எங்க வீட்ல அவங்க பாத்துச் சரின்னு சொல்லிட்டாங்க என்றாள். இரண்டும் பொய். பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை, ஒரு நல்ல படத்தைக் காப்பாற்றினோம் என்றுதான் நினைத்தாள். குமரவேல் கொஞ்சம் புருவத்தைச் சுருக்கினான். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டான். அவள் சொன்னதைச் சந்தேகப்பட்டு அவனுக்குப் பழக்கமில்லை.

அறிவிப்பு முடிந்ததும் அவள் கீழே ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். செத்துக் கிடந்தது. மேலே வந்து, மேலநத்தம் வரைக்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று குமரவேலிடம் மெல்லக் கேட்டாள். அவன் பலகையிலிருந்து தலையைத் தூக்காமலே, பேஸ்மட்டம் தாழ்வு என்று தெரிந்துதானே கேட்டு வாங்கினார்கள், தண்ணீர் நிறம் மாறினாலே அண்ணாச்சி கிளம்பிவிடுவார் என்றான். சொல்லிவிட்டுக் கேசட்டைப் போட்டான்.

கிளம்ப மாட்டார்களே! இஞ்சினியர் சரி என்று சொன்ன வீடு என்று நம்பி உட்கார்ந்திருப்பார்களே! இதைச் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். பாட்டு ஓடுகிறது, முடியட்டும் என்று காத்திருந்தாள். நாதஸ்வரம் காதுக்குள் போகவே இல்லை, ஓட்டுக் கூரையில் மழை கொட்டுவதுதான் கேட்டது. பட்டன் எழும்பியது. வாயைத் திறந்தாள். அவன் அதற்குள் வரைந்துகொண்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் முகப்பைக் காட்டி, தூண் நிறத்தைப் பற்றி ஆசையாகக் கேட்டான். கேட்டுக்கொண்டே அவளுக்குப் பிடித்த மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டான். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இன்னும் ஒரு அரைமணி நேரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம் சோறு. சோற்றுக்கப்புறம் இன்னொரு கேசட். பயந்தவளுக்குச் சாக்கா கிடைக்காது?

மதியச் செய்தியில் அணையைத் திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டேகால் மணி இருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் டேப் ரெக்கார்டரை நிறுத்தினாள். குமரவேல் அதிர்ந்து நிமிர்ந்தான்.

"அத்தான், பேஸ்மட்டத்தைக் கொறைக்கச் சொல்லி அவங்க கேக்கல. நான்தான் கொறச்சேன்."

"மதினிக்கு மூட்டுவலின்னு சொன்னியே."

"மூட்டுவலி நெசம். அவங்க கேட்டாங்கன்னது பொய். நீங்க சரின்னு சொன்னதா அவங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மைப் பேனாவை மூடி, அதன் இடத்தில் வைத்தான்.

"நான் சொன்னேன்னு நம்பி அங்கனயே இருப்பாங்களே சித்ரா" என்றான்.

மாடிப்படி இறங்கும்போதே சட்டையை மாட்டிக்கொண்டான். கொல்லையில் கிடந்த நீளக் கயிற்றைச் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்தான். தானும் வருவதாக அவள் பின்னாலேயே போய்க் கெஞ்சினாள். வேண்டாம் என்று கையைக் காட்டினான். மேலப்பாளையம் பஜாரில் வாய்க்கால் தண்ணீர் ஏறி நிற்கும், குறிச்சி வழியாக ஆற்றோரப் பாதையில் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்றான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

"மதினியால ஏணி ஏற முடியாது. தூக்கித்தான் கொண்டாரணும்."

அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. தெருமுனை திரும்பும்வரை மழையில் அவன் முதுகு தெரிந்தது. அவள் நனைந்துகொண்டே நின்றாள்.

மூன்று மணியானது. மூன்றரையானது. தெருவில் போகிறவர்கள் ஆற்றைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். கொக்கிரகுளத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டதாம். மாடு ஒன்று மிதந்து போனதாம். அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். முருகா, மூன்று பேரையும் கொண்டுவந்து சேர்த்துவிடு, அதற்கப்புறம் அவர் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாள்.

நாலு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஓடினாள். வாடகைக் கார் ஒன்று நின்றது. சிவசண்முகம் அண்ணாச்சி இறங்கி, மறுபக்கம் போய்ச் சொர்ணாம்பாளைக் கைத்தாங்கலாக இறக்கினார். இரண்டு பெட்டி, ஒரு சாமி படம். சித்ரலேகாவுக்கு உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை! அத்தான் சொன்னபடி கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காருக்குப் பின்னால் ஸ்கூட்டரைத் தேடினாள்.

தெருவில் வேறு வண்டி இல்லை.

அண்ணாச்சி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். ஆற்று நிறத்தைப் பார்த்ததும் அவருக்குச் சரியாகப் படவில்லையாம். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேலப்பாளையத்தில் மச்சினர் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அங்கேயும் வாய்க்கால் உடைத்துத் தண்ணீர் வரவே, மேடான இடம் என்று இங்கே வந்தார்களாம்.

சொர்ணாம்பாள் சித்ரலேகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாசல்ல நாலஞ்சு படி இருந்திருந்தா என்னால இப்படி வெரசா எறங்கி வந்திருக்க முடியுமா? நீ புண்ணியவதி" என்றாள்.

சித்ரலேகா அவள் தோளைத் தாண்டித் தெருமுனையையே பார்த்தாள்.

"தம்பிய எங்க காணல?" என்றார் அண்ணாச்சி.

"உங்களைக் கூட்டிட்டு வரத்தான் போயிருக்காங்க."

"எங்களையா? எந்த வழியா?"

"ஆத்தோரப் பாதை."

துவட்டிக்கொண்டிருந்த துண்டு அவர் கையில் அப்படியே நின்றது. எப்போது கிளம்பினான் என்று கேட்டார். சொன்னாள். கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்தப் பாதையில் மூன்று மணிக்கே ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போவதாகச் சொன்னார்கள் என்று பைய முனகிவிட்டு, கார்க்காரரைக் கூப்பிட வெளியே ஓடினார். தண்ணீரைப் பார்த்தால் எவனும் திரும்பி வந்துவிடுவான். குமரவேல் திரும்பமாட்டான். உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பூட்டின வீட்டை நோக்கித்தான் போய்க்கொண்டிருப்பான். சித்ரலேகாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"இந்த மழைல தம்பி எதுக்குப் போகணும்? ஆத்தங்கரைல பொறந்தவங்க, எங்களுக்குத் தெரியாதா?" என்று சொர்ணாம்பாள் கையை விடாமல் கேட்டாள்.

சித்ரலேகா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாலரை அடி, ஒன்றரை அடி, இரண்டு பொய், ஒன்றையும் விடவில்லை. சொர்ணாம்பாளின் பிடி மெல்லத் தளர்ந்தது.

"தண்ணி வரப்போகுதுன்னு பத்தரைக்கே எனக்குத் தெரியும் மதினி" என்றாள் சித்ரலேகா. "அப்பவே சொல்லியிருந்தா நீங்க வீட்டைப் பூட்டுறதுக்குள்ள வந்து உங்களை வீட்லயே பாத்திருப்பாங்க."