மூன்று மணி மாத்திரை

3 மார்ச், செவ்வாய்

ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். அக்காவின் படபடப்புக்கு மருந்துதான் காரணமா என்று கணிக்கும் கேள்விப் படிவத்தில் “மாத்திரையை நிறுத்தியது பிப்ரவரி 20” என்று எழுதியது அவள் சொன்னதை நம்பித்தான். டப்பாவைத் திறந்து எண்ணவில்லை. மருந்துகளின் பக்கவிளைவு பற்றிய எங்கள் மாலை வகுப்பில் முதல் நாள் சொன்னதே இதுதான்: மிச்சத்தை எண்ணு.

அக்கா இரவெல்லாம் பேக்கரியில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். களைப்பு தீர மூன்று மாதமாக ஒரு சத்து மாத்திரை சாப்பிட்டாள். ஜனவரியில் இதயம் தாறுமாறாக அடிப்பது தெரியவந்தது. நிறுத்தினாள்; படபடப்பு நிற்கவில்லை. காரணம் மாத்திரை என்றால் காத்திருந்து பார்க்கலாம், இல்லையென்றால் தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தில் ஓரிடத்தைச் சுட வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். வெள்ளிக்கிழமை என் குறிப்புகளோடு வரச் சொல்லியிருக்கிறார்.

இன்று மாலை எண்ணினேன். பிப்ரவரி 11 அன்று பிரித்த அறுபது மாத்திரை டப்பா. பத்து போக ஐம்பது இருக்க வேண்டும். முப்பத்தொன்பதுதான் இருந்தது. நிறுத்திய பிறகும் நாளுக்கு ஒன்று போயிருக்கிறது.

“நான் தொட்டிருந்தா என் கை அழுகிப் போகட்டும். வேணும்னா எலியைக் கூப்பிட்டு விசாரிங்க, இன்ஸ்பெக்டரம்மா” என்றாள் அக்கா.

4 மார்ச், புதன்

நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இரண்டு நாள் விடுப்பு சொன்னேன். மாத்திரைகளை என் பைக்கு மாற்றி, காலி டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்தேன். மதியம் திரை மூடிய அறையில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

சரியாக மூன்று மணிக்கு எழுந்தாள். கண் திறந்திருந்தது, நான் அதில் படவில்லை. சமையலறையில் டப்பாவை உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. விழாததை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, மூடியைத் திருகி வைத்துவிட்டு வந்து படுத்தாள். நாடி பிடித்துப் பார்த்தேன். நூற்று நாற்பது, நடுநடுவே தடுக்கி விழுந்தது.

மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தபோதும் படபடப்பு வந்ததா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. வகுப்பில் அதைத் தாண்டிப் போய்விடுவோம். “ஆம்” என்று எழுதினேன்.

5 மார்ச், வியாழன்

மாத்திரை போட்ட பிறகுதான் படபடப்பு வந்ததா என்ற முதல் கேள்விக்கும் “ஆம்” என்றே எழுதியிருந்தேன். ஆனால் அவள் எழுவதற்கு முன் நான் நாடி பார்த்ததே இல்லை.

இன்று இரண்டரையிலிருந்து மணிக்கட்டை விடவில்லை. எழுபத்திரண்டு. இரண்டு ஐம்பத்திரண்டுக்கு, உள்ளே யாரோ எழுந்து ஓடுவதுபோல நாடி கிளம்பியது. முகம் அசையவில்லை. எட்டு நிமிடம் கழித்து அவளும் எழுந்து, என் விரல்களை உதறிவிட்டு நடந்தாள்.

சமையலறையில் இருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அவ இப்படித்தாண்டி. மூணு மணிக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போவா. அந்த நேரம் நீ கடையில இருப்பே, உனக்கு எங்க தெரியும்?”

“எத்தனை நாளா?”

“நாளா? ரெண்டு வருஷமா.”

“மாத்திரை மூணு மாசமாத்தானேம்மா?”

“மாத்திரையைச் சொல்லலடி. தண்ணியைச் சொல்றேன்.”

அக்கா விழித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்போ சுட்டுடுவாங்களா?”

“டாக்டர்தான் சொல்லணும்.”

“மாத்திரைதான் காரணம்னு எழுதிடேன். நீ எழுதினா நம்புவாங்க.”

மாத்திரை அதை மோசமாக்கியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

நாளை காலை பத்து மணிக்கு டாக்டர். முதல் கேள்வியின் “ஆம்”, படிக்க முடிகிற மாதிரி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் “இல்லை” என்று எழுதித் தேதி போட வேண்டும். டப்பா, முப்பத்தொன்பது மாத்திரை, இந்த நோட்டு. அம்மாவையும் கூட்டிப் போக வேண்டும்.