தலைகீழாய்ப் படித்த எண்

யோஸ்ட் தன் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, சுடுதளத்து வாசலில் இருந்த என் மேசைமேல் வைத்தபோது தேவாலயத்தில் இன்னும் பாட்டு முடியவில்லை. ஞாயிறு ஆராதனை முடியும்வரை எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டாவும் வெடிக்கக் கூடாது. முன்னால் வந்துவிட்டவர்கள் காபியும் பேரிக்காய் ரொட்டியுமாக உட்கார்ந்திருப்பார்கள். துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஆயுதப் பொறுப்பாளன் நான். உள்ளே வரும் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விடுவேன். யோஸ்டினுடையதைத் திறந்தேன். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டை நாங்கள் பூட்டு என்போம். துப்பாக்கியின் உடம்பில் கடைசி மூன்று எண் 668. பூட்டில் 899. ஒன்பது கோடையாக இதைப் பார்க்கிறேன். மாற்றிப் போட்டவன் நான்தான்.

"காலிதான். போகலாம்" என்றேன்.

"இன்னைக்கோட சரி ஃப்ரிட்லி. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்குற ஆள் வந்து என் பதினாலு துப்பாக்கியையும் அள்ளிட்டுப் போறான். மக வீட்ல என் சட்டைக்கே இடமில்லைங்கிறா, துப்பாக்கிக்கு எங்க போறது."

மனைவி போனதிலிருந்து அவன் தனிக்கட்டை. பாசல் நகரில் மகளோடு போய் இருக்கப் போகிறான் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பதினான்கோடு, அவனோடு பேச்சை முறித்துக்கொண்ட பழைய நண்பன் பால்ட்ஸின் பூட்டும் போய்விடும். அது எப்படி அவனிடம் வந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

யோஸ்டும் பால்ட்ஸும் சுடுவது, போர்க்காலத்தில் அவர்களின் அப்பாக்கள் எல்லையில் சுமந்து நின்ற துப்பாக்கிகளால். பழைய ராணுவத் துப்பாக்கி சேர்க்கிறவனுக்குக் குழல், உடம்பு, பூட்டு எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது துப்பாக்கியே இல்லை, உதிரி இரும்பு. ஒன்பது வருடத்துக்கு முன் இலையுதிர்காலப் போட்டி முடிந்து மூவரும் ஒரே துணியை விரித்துத் துடைத்தோம். அவர்கள் இருவரும் பரிசளிப்புக்குப் போய்விட்டார்கள். நான் இரண்டு கோப்பை ஒயினுக்குப் பிறகு எல்லாவற்றையும் பூட்டி அடுக்கினேன். 668 எண் போட்ட பூட்டு என் பக்கம் தலைகீழாகக் கிடந்தது. தலைகீழாய்ப் படித்தால் அது 899. படித்தேன், 899 துப்பாக்கியில் போட்டேன். மிச்சமிருந்ததை மற்றதில் செருகினேன், பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் யோசித்தபோது புரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். பொறுப்பாளனாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர்களே பார்த்து மாற்றிக்கொள்வார்கள் என்று இருந்தேன். ஆனால் யோஸ்டின் அப்பா தன் பூட்டைக் கையாலேயே தேய்த்து வழுவழுப்பாக்கி வைத்திருந்தார். அதற்கு ஆசைப்பட்டு பால்ட்ஸ் எடுத்துவிட்டான் என்று யோஸ்ட் முடிவு கட்டி, விடுதியில் எல்லார் முன்னாலும் திருடன் என்றான். அதோடு பேச்சு நின்றது. திருடியவன் மன்னிப்புக் கேட்கட்டும் என்று இவன், திருடன் என்றவன் வந்து கேட்கட்டும் என்று அவன். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிக்குத் தூக்கம்தான் போயிற்று. நாள் ஆக ஆக நாக்கும் ஒட்டிக்கொண்டது.

பால்ட்ஸ் வந்தான். அவன் துப்பாக்கியையும் திறந்து பார்த்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"விக்கிறானாமே?"

"நாளைக்கு."

"என்னோடதையும் சேர்த்தா?"

"போய்க் கேளேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? செத்தாலும் மாட்டேன்" என்றான். ஆனால் நகரவில்லை. யோஸ்ட் படுத்துச் சுடும் பாயை விரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. நாளைக்குப் பிறகு இந்த வாயைத் திறந்தும் பயனில்லை என்று தோன்றியது.

"யோஸ்ட், கொஞ்சம் இங்க வா" என்று கூப்பிட்டேன். வந்தான், பால்ட்ஸுக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். "அன்னைக்குப் பூட்டை மாத்திப் போட்டது நான். எண்ணைத் தலைகீழாப் படிச்சிட்டேன். இவன் எடுக்கல. மறுநாளே எனக்குத் தெரியும்."

ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். யோஸ்ட் என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பால்ட்ஸ் பக்கம் திரும்பினான்.

"கேட்டியா பால்ட்ஸ், இவன் சொல்றத?"

"விழுந்துச்சு காதுல."

"ஒம்போது வருஷம்."

"உன் பொண்டாட்டி சாவுக்கு வாசல் வரைக்கும் வந்தேன்" என்றான் பால்ட்ஸ். "உள்ள வர முடியல."

"தெரியும். ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். கூப்பிட்டிருக்கணும்."

பால்ட்ஸ் தன் துப்பாக்கியிலிருந்து பூட்டை உருவி யோஸ்டிடம் நீட்டினான். யோஸ்ட் தன் துப்பாக்கியில் இருந்ததை உருவினான். பழக்கத்தில் நான் கையை நீட்டிவிட்டேன்.

"நீ தொடாத" என்றான் பால்ட்ஸ். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

ஆராதனை முடிந்து மணி அடித்தது. அவர்கள் நான்காம் தடத்துக்குப் போனார்கள். பால்ட்ஸ் படுத்தான், யோஸ்ட் பக்கத்தில் முக்காலியைப் போட்டுத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். முந்நூறு மீட்டர் தள்ளிப் பள்ளத்திலிருந்து, குண்டு பட்ட இடத்தைக் காட்டும் அடையாளக்காரனின் தட்டு எழுந்து இறங்கியது. "இன்னும் ரெண்டு விரல் எடப்பக்கம்டா" என்ற யோஸ்டின் குரல் கேட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு இடமில்லை என்பதும் தெரிந்தது. அடுத்த சுற்றுக்கு முன் இருவரும் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

என் மேசைமுன் அடுத்த ஆள் நின்றிருந்தாள். ரொட்டிக்கடை ரெகுலா, ஒன்பது வருடமாகத் துப்பாக்கியை அப்படியே என் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டுக் காபிக்குப் போகிறவள். இன்று மேசையில் வைக்கவில்லை. பூட்டைத் தானே உருவி இடது உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் துப்பாக்கியைத் திருப்பி, காலியான துளையை மட்டும் எனக்குக் காட்டினாள்.