ஆணியில் தொங்கிய முட்டை

தம்பி பொண்டாட்டி ஜெயமேரிக்கு மார்பில் புற்றுக்கட்டி, ஆபரேஷன் முடிந்து மதுரையில் தினமும் கதிர்வீச்சுக் கரண்டு வைக்கிறார்கள் என்று கேட்டதும், அன்னாள் ஒட்டன்சத்திரத்து வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிவிட்டாள். கூடவே ஒரு சாக்கு நிறையச் சுரைக்காய், பூசணி, வெள்ளரி. கரண்டு என்றால் சூடு, சூட்டுக்குக் குளிர்ச்சிதானே மருந்து? இதை டாக்டர் வேறு வந்து சொல்லணுமாக்கும்.

அன்றிலிருந்து மேரிக்கு மோருஞ்சோறும் சுரைக்காய்க் கூட்டும்தான். முட்டை, மீன் வாடையே வீட்டுக்குள் வரக்கூடாது. வேலையா? மூச்! ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைத் தலையணையில் வைத்துக் காவல் காத்தாள். மேரி தண்ணிச் செம்பை எடுக்கப் போனால்கூட, "ஏத்தா, கையை அசைக்காத. நான் எதுக்கு இருக்கேன்?" என்று பிடுங்கிக்கொள்வாள். தம்பி சூசைராஜ் வாயைத் திறந்தால், "நீ மில்லுக்குப் போடா" என்று அடக்கிவிடுவாள். பிள்ளையில்லாத அன்னாளுக்கு மேரிதான் மகள்.

இரண்டாவது வாரம் வந்தது வினை. மிஷினில் படுத்ததும் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கவேண்டும். முதல் வாரம் ஏறிய மேரியின் கை இப்போது தோளுக்கு மேல் ஏறவில்லை. எடையும் இறங்கியிருந்தது. பயிற்சி சொல்லித்தரும் சத்யபிரியா அன்னாளை உள்ளே கூப்பிட்டாள்.

"கை மேல போகாட்டி கரண்டு வைக்க முடியாதும்மா. நாள்கணக்கா விட்டா இதுவரை வச்சதும் வீணாயிரும். வலி தாங்குற அளவுக்குச் சுவத்துல விரலை ஊனிக் கையை மேல ஏத்தணும், முட்டை, மீன், பருப்பு நல்லாச் சாப்பிடணும்னு மொத நாளே இவங்ககிட்டச் சொன்னேனே."

வெளியே வந்ததும் அன்னாள் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீங்க அம்புட்டு ஆசையாச் செய்றீங்க மதினி. வேணாம்னு சொல்ல வாய் வரல."

பாசம் பாசம் என்று பிள்ளையைக் குழியில் தள்ளப் பார்த்தோமே மாதாவே என்று அன்னாள் பஸ்ஸில் வழிநெடுக அழுதாள்.

திண்டுக்கல்லில் இறங்கியதும் முதல் வேலையாக முட்டை வாங்கினாள். அவித்துத் துணிப்பையில் போட்டாள். மேரியின் தோள் உயரத்துக்குச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள்.

"பசிச்சா எடுத்துத் தின்னு. கையில குடுக்க மாட்டேன்."

மேரி சுவரில் விரலை ஊன்றி மெல்ல மெல்ல ஏற்றினாள். பாதியில் கண்ணில் நீர் முட்டியது. எடுத்துக் கொடுக்க அன்னாளின் கை தானாக நீண்டது. பாழாய்ப்போன கை! இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஒருவழியாக முட்டை கைக்கு வந்தது. மறுநாள் ஆணி கொஞ்சம் மேலே போனது. அதற்கடுத்த நாள் இன்னும் மேலே.

"இப்படியே போனா கூரையில கோழி வளப்பீங்க போல" என்றாள் மேரி.

"உன் கை ஏறுனா வளப்பேன்டி."

வெள்ளையடித்த சுவரெல்லாம் ஓட்டை. சூசைராஜ் வேடசந்தூர் மில்லிலிருந்து வரும்போதே மீன் வாங்கி வந்தான்.

அடுத்த வாரம் மறுபடி மதுரை. மேரி உள்ளே போனதும் அன்னாள் ஜெபமாலையை எடுத்தாள். ஒரு மணியைக்கூட ஒழுங்காகத் தாண்டவில்லை. கதவு திறந்தது.

"கரண்டு வச்சாச்சு மதினி."

திரும்பும் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். மேரியின் சீக்காளி முகத்தைப் பார்த்து ஒரு ஆள் எழுந்து இடம் விட்டார். 'உக்காரு' என்று அன்னாளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பார்த்தால், மேரி அந்தக் கையாலேயே மேல்கம்பியைப் பிடித்து நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"அவ நிப்பா" என்று சொல்லிவிட்டு அன்னாளே போய் உட்கார்ந்தாள். என்ன பொம்பளை இவள் என்று அந்த ஆள் முறைத்தார். முறைக்கட்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, அன்னாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாடிப்பட்டி தாண்டியதும் மேரி குனிந்தாள். "மதினி, கொஞ்சம் தள்ளுங்க. கை வலிக்குது."

"கேக்குறதுக்கு இம்புட்டு நேரமா?" என்று அன்னாள் நகர்ந்து இடம் விட்டாள்.