பேர் வெட்டிய பாத்திரங்கள்

என் கல்யாண மேடையில் பெரியப்பா மைக்கைப் பிடித்து, "பேர் வெட்டிக் குடுத்த பாத்திரத்த வீட்ட விட்டு வெளிய அனுப்புனா…" என்று ஆரம்பித்து ஏதோ சொன்னார். பின்பாதி நினைவில்லை. அப்போது யாரோ கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாத்திரம் வெளியே போனால், கொடுத்தவர் வந்து அது இருந்த இடத்தில் நிற்பார். கோவையில் இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பத்தொன்பது வருடம் ஹாம்பர்க்கில் இருந்ததில் நான் மறந்துவிட்டேன்.

திரும்பி வந்ததும், பூட்டிக் கிடந்த வீட்டைக் காலியாக, வெள்ளையாக, கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாத வீடாக மாற்ற நினைத்தேன். ரெனிட்டா என்ற டிசைனர் மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் ஒழித்துக்கொடுத்தார். எனக்கும் என் மனைவி சுகந்தாவுக்கும் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். பழைய பாத்திரங்களை வண்டியில் ஏற்றினோம். பழைய பாத்திரக் கடைக்காரர் அன்றைக்கே உருக்கிவிட்டார்.

மறுநாள் காலை சமையலறை மேல்தட்டில் ருக்குமணி அத்தை நின்றுகொண்டிருந்தார். அவர் கொடுத்தது எவர்சில்வர் சம்படம். முந்தின நாள் உள்ளங்கால் குறுகுறுத்ததாகவும், செருப்பைத் தேடுவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டதாகவும் சொன்னார்.

"நிக்கறதுக்கு ஒண்ணுமில்ல கண்ணு. இந்தத் தட்டுக்கு ஒரு கதவு போடச் சொல்லு. தூசி அடிக்குது."

மதியத்துக்குள் பதினோரு பேர் ஆகிவிட்டார்கள். ஒரே ஒரு தாம்பாளத்தில் 'அச்சக நண்பர்கள்' என்று வெட்டியிருந்ததால் அப்பாவோடு அச்சகத்தில் இருந்த ஏழு பேரும் வந்தார்கள். தாம்பாளத்தின் இடம் அகலம் குறைவு. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு அப்பாவின் பழைய கதைகளைப் பேசினார்கள். கவிழ்த்து வைத்திருந்த பாத்திரத்துக்குரியவர்கள் தலைகீழாக நிற்கவேண்டும் என்று கட்டாயமில்லை. மரியாதை தெரிந்தவர்கள் நிற்பார்கள். போசி கொடுத்த பாலு சித்தப்பா நின்றார். அவருக்குக் காப்பி கொடுப்பதுதான் பெரிய பாடு.

டம்ளர் இரண்டுதான். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்த காப்பி பத்தரைக்குத்தான் முடிகிறது. கழுவுகிறேன், ஊற்றுகிறேன், கழுவுகிறேன். சுகந்தாவிடம் சலித்துக்கொண்டால், "நீங்கதான காலி வீடு வேணும்னீங்க" என்கிறாள். ரெனிட்டா வரைபடத்தில் பதினோரு சின்ன வட்டம் போட்டு, எல்லாரும் வெள்ளைச் சட்டையில் இருந்தால் சுவரோடு ஒத்துப்போகும் என்றார். அச்சக நண்பர்கள் சம்மதித்தார்கள். அத்தை மறுத்துவிட்டார்.

ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் நான் ஒழிக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இட்லிக் கொப்பரை. அதன் விளிம்பில் 'நா. வேழவேந்தன்' என்று இருக்கும். என் அண்ணன். அப்பாவின் காரியத்துக்கு நான் ஹாம்பர்க்கிலிருந்து வராததிலிருந்து ஒன்பது வருடமாக அவர் என்னோடு பேசுவதில்லை. கரூரில்தான் இருக்கிறார். கொப்பரையை வெளியே வைத்தால் மறுநாளே வந்து நின்றுவிடுவார். அப்படி வரவழைக்க எனக்கு மனமில்லை. வருவதென்றால் அவராக வரவேண்டும்.

"சார், அது ஒண்ணுதான் சார் கண்ண உறுத்துது" என்று ரெனிட்டா தினமும் போனில் சொன்னார். வெள்ளிக்கிழமை பொறுமை போய்விட்டது. பன்னிரண்டாவது ஆளுக்கும் காப்பி ஊற்றினால் என்ன குறைந்துவிடும் என்று கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட் வரை போனேன்.

அங்கே என் உள்ளங்கால் குறுகுறுத்தது.

திரும்பி வந்து கொப்பரையை வைத்தேன். சுகந்தா என் காலைப் பார்த்தாள்.

"யார் வீட்ல வெளிய போட்டாங்க?"

"அண்ணன் வீடாத்தான் இருக்கும். வேற யாருக்கும் நான் பேர் வெட்டிக் குடுத்ததில்ல."

முதல் சம்பளத்தில், அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கியது. மூடி போட்ட தூக்குப் போசி. அதில் 'நா. அறவாழி' என்ற என் பெயரை, வெட்டுகிறவர் கொஞ்சம் சாய்வாக வெட்டிவிட்டார்.

அண்ணியும் வீட்டைக் காலி செய்கிறாரோ என்று சுகந்தா கேட்டாள். மேல்தட்டிலிருந்து அத்தை குனிந்து பார்த்தார்.

"அவ துரும்பக்கூடத் தூக்கிப் போடமாட்டா. இது வேழவேந்தன் வேலை. பெரியப்பா பேசினப்ப முன்வரிசைல உக்காந்து முழுசாக் கேட்டவன். தெரியாமப் போட்டிருக்க மாட்டான் கண்ணு."



நான் இரண்டு சட்டையை எடுத்து வைத்தேன். இரண்டு டம்ளரில் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். கொப்பரைக்கு அடுப்போரம் நிரந்தரமாக ஒரு மேடை கட்டும்படி ரெனிட்டாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, கரூர் பஸ் ஏறினேன்.

அண்ணி தூக்குப் போசியை அரிசி டிரம்முக்கு மேலே, இரண்டாவது தட்டில், கவிழ்த்துத்தான் வைப்பார். பல்லடம் தாண்டும்போது, நானும் தலைகீழாகவே நிற்பதென்று முடிவு செய்தேன்.