இசக்கித்துரை பெயர்மேல் ஓர் ஆட்சேபணை

இசக்கித்துரை அண்ணாச்சியை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும், இந்த ராஜராஜேஸ்வரி அவருக்கு வேண்டியவள், அதனால்தான் தாலுகா ஆபீஸ் வரைக்கும் வரிந்துகட்டிக்கொண்டு போனாள் என்று பேசக்கூடாது.

நான் சங்கரன்கோவிலில் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளுக்கு முட்டை அவிக்கிற வேலை போக, என் தலையில் கட்டிய இன்னொரு வேலை பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். எங்கள் பகுதியில் யார் செத்தார், யார் குடிபோனார், எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தது என்று வீடு வீடாகப் போய் எழுதி, வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். போய்ப் போய் இப்போது தெருநாய்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை.

இசக்கித்துரை எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். துப்பாக்கியால்தான் எல்லாம் மாறும் என்று சொன்ன, தடை செய்யப்பட்ட ஒரு இயக்கத்தில் சேர்ந்து இருபத்திரண்டு வயதில் காட்டுக்குப் போனவர். போவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் பார்க்கத் தன் வாக்காளர் அட்டையைத் தீ வைத்து எரித்தார். அவரைத் தேடி வந்த போலீஸ்காரர்கள், பக்கத்து வீடு என்பதற்காக என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று நாள் விசாரித்தார்கள். திரும்பி வந்த அப்பா ஒரு மாதம் தெருவில் தலைகாட்டவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் உண்டு.

நாலு வருசத்தில் இசக்கித்துரை பிடிபட்டார். பதினோரு வருசம் ஜெயில். வெளியே வந்து தெருமுனையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டார். திருவேங்கடம், மேலநீலிதநல்லூர் பக்கம் கிணற்று மோட்டார் எரிந்தால் அவரிடம்தான் வரும். வேலையில் சுத்தம். பேச்சு மட்டும் கிடையாது. ஒன்பது வருசமாகப் பட்டியலில் பேர் சேர்க்கவும் இல்லை. இந்தத் தடவை நான்தான் படிவத்தை அவர் முன்னால் போட்டு, "கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி, ஒரு ஆளு விட்டுப்போச்சுன்னு நான் ஏச்சு வாங்க முடியாது" என்றேன். போட்டார்.

புதுப் பெயர்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய மறுநாளே ஆட்சேபணை வந்துவிட்டது. போட்டவர் ஹார்டுவேர் கடை சுந்தரராஜ் அண்ணாச்சி. காரணம் கேட்ட இடத்தில் 'இந்தியக் குடிமகன் அல்ல' என்று டிக் அடித்திருந்தார். அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் தம்பி பிரவின்ராஜ் சி.ஆர்.பி.எஃப்.பில் இருந்தவர். வடக்கே ஒரு காட்டில், அதே இயக்கம் வைத்த கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அப்போது இசக்கித்துரை ஜெயிலுக்குள் போய் இரண்டு வருசம் ஆகியிருந்தது. ஆனால் கால் போன வீட்டில் போய் அந்தத் தேதிக் கணக்கையெல்லாம் சொல்ல முடியுமா?

சுந்தரராஜ் அண்ணாச்சி அங்கன்வாடிக்கே வந்துவிட்டார்.

"ஏட்டி ராஜி, நாடே வேண்டாம்னு தீ வச்சவனுக்கு ஓட்டா? ஒந் தம்பிக்குக் காலு போயிருந்தா நீ இவன் பேரைச் சேப்பியா?"

"விசாரணை வைப்பாங்க அண்ணாச்சி. அங்கன வந்து சொல்லுங்க."

"விசாரணை எதுக்கு? ஆளு இங்கன குடியில்லைன்னு நீ ஒரு வரி எழுதிரு. சோலி முடிஞ்சுது. ஒங்க அப்பா பட்டதை மறந்துட்டியா?"

மறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பேனாவைக் கையில் எடுத்தும்விட்டேன். ஒரே ஒரு வரி. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் தினமும் காலையில் கடையைத் திறந்து தண்ணீர் தெளிக்கிற ஆளை, என் கண்ணால் பார்த்துக்கொண்டே இல்லை என்று எப்படி எழுதுவது? இன்றைக்கு அவரை எழுதினால் நாளைக்கு என்னையும் ஒருத்தி எழுதுவாள். அதை நினைத்ததும் எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. 'குடியிருக்கிறார்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை நோட்டீசைக் கொடுக்கப் போனால், இசக்கித்துரை அதைத் தொடவில்லை.

"பேரை எடுத்தா எடுத்துட்டுப் போட்டும்மா. நானே எரிச்சவன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து கேக்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஓஹோ. நீங்க எரிச்சிட்டுப் போவீங்க, எங்க அப்பா மூணு நாள் கெடந்து சீரழிவாரு, இப்ப ஒண்ணும் வேண்டாம்னு ஒதுங்கிக்கிடுவீங்க. தப்புப் பண்ணுனவரு இந்த ஊர்க்காரரா நின்னு பதில் சொல்லணும் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை பதினோரு மணி. வரலைன்னா கடை வாசல்ல வந்து நின்னு கத்துவேன்."

வந்தார். நான் கத்துவேன் என்பது தெருவுக்கே தெரியும்.

தாலுகா ஆபீசில் விசாரித்தவர் ஒரு அம்மா. சுந்தரராஜ் அண்ணாச்சி வெள்ளை வேட்டியில், தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஊன்றுகோலோடு தம்பியைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் அதற்குமேல் சாட்சி வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். என்ன சொல்லப்போகிறாய் என்று தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படித்தான். பெண் பார்த்ததிலிருந்து பென்சன் மனு வரைக்கும் தம்பிக்காக அண்ணன்தான் பேசுவார்.

"குடிமகன் இல்லைங்கிறதுக்கு நீங்கதான் ஆதாரம் காட்டணும்" என்றார் அந்த அம்மா.

"அவன் செஞ்சதே ஆதாரம், மேடம். அரசியல் சட்டம் செல்லாதுன்னு துப்பாக்கி தூக்குனான். செல்லாதுன்னு சொன்ன சட்டத்துல இப்ப எதுக்கு உரிமை கேக்கான்? இந்தா, என் தம்பி. இவன் காலைப் பாருங்க."

அந்த அம்மா இசக்கித்துரையைப் பார்த்தார். அவர் எழுந்து நின்று, "அவரு சொன்னது அம்புட்டும் உண்மை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த மனுசன் தானே தன் பேரில் கோடு போட்டுக்கொள்கிறாரே!

"மேடம், நான் பேசலாமா?" என்றார் பிரவின்ராஜ்.

"நீ இருப்பா, நான் சொல்லுதேன்" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. காலு என்னுது. நாந்தான் பேசணும்."

ஊன்றிக்கொண்டு எழுந்தார். "இவரு நம்ம ஆளு இல்லைன்னா, பதினோரு வருசம் எந்த உரிமையில உள்ள வச்சோம் மேடம்? நம்ம ஆளு தப்புப் பண்ணுனான்னுதான பிடிச்சோம், நம்ம கோர்ட்டுல நிறுத்துனோம், நம்ம ஜெயில்ல போட்டோம்? தண்டனை முழுசா முடிஞ்சுது. அந்தக் காட்டுக்குள்ள இருந்தவங்க என்ன சொன்னாங்க? நீ இந்த நாட்டுக்காரன் இல்லைன்னு சொல்லித்தான் இவரைக் கூட்டிட்டுப் போனாங்க. இன்னைக்கு எங்க அண்ணனும் அதையேதான் எழுதிக் குடுத்திருக்கான். நீங்களும் அதுல கையெழுத்துப் போட்டா அவங்க ஜெயிச்சாங்கன்னு அர்த்தம். அவங்க ஜெயிக்கக்கூடாதுன்னுதான் நான் காலைக் குடுத்தேன்."

பிரவின்ராஜ் இசக்கித்துரை பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சிராதீங்க. மன்னிக்கலை. ஆனா நீங்க ஓட்டுப் போடணும். யாருக்கு வேணும்னாலும் போடுங்க."

பதினோரு வருசம் ஜெயிலில் அழாதவர் என்று ஊர் சொல்லும் இசக்கித்துரை, கிரீஸ் போகாத இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். 'குடிமகன் அல்ல என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது' என்று அந்த அம்மா எழுதி முடித்தார். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று மூக்கைச் சிந்தினேன். பிடிக்காத ஆளுக்காக இவ்வளவு சந்தோசப்பட முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு சுந்தரராஜ் அண்ணாச்சி என்னோடு பேசவில்லை. தம்பியோடும் சரியாகப் பேசவில்லை என்று கேள்வி.

தேர்தல் வந்தது. எங்கள் பூத் ஸ்கூலில். வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு வரிசை எண் பார்த்துச் சொல்வது என் வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும். எட்டிப் பார்த்தால், கட்சி ஏஜெண்டுகள் பெஞ்சில் பட்டியலும் கையுமாகச் சுந்தரராஜ் அண்ணாச்சி! எனக்குப் பகீரென்றது. ஓட்டுப் போட வருகிறவர் பேரை ஆபீசர் சத்தமாகப் படிப்பார். ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் பார்த்துச் சரி சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் அந்த நிமிசத்திலேயே எழுந்து ஆட்சேபணை சொல்லலாம். மறுபடியும் ஒரு வம்பு இழுத்தால் இந்த மனுசன் அப்படியே திரும்பிப் போய்விடுவாரே என்று பயந்தேன்.

பத்து மணிக்கு இசக்கித்துரை வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நாற்பத்தாறு வயதில் முதல் ஓட்டு. வாசலில் தயங்கினார். "போங்க அண்ணாச்சி, பின்னால ஆளு நிக்கி" என்று தள்ளாத குறையாக அனுப்பினேன்.

"எழுநூற்று நாற்பத்திரண்டு. இசக்கித்துரை" என்று ஆபீசர் படித்தார்.

சுந்தரராஜ் அண்ணாச்சி தலை நிமிர்ந்தார். பேனா மேலே நின்றது. இசக்கித்துரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தைப் புரட்டி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவி இறங்கினார். ஒரு டிக் அடித்தார். பிறகு வாசல்வரை எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

"இருக்கு. நம்ம தெருதான். போடச் சொல்லுங்க."